இஸ்திரி அக்காவும் சிறகுக் குதிரையும்

எங்கள் ஓட்டல் சலவை அறையில் இஸ்திரி அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே மூலை. வயது ஐம்பத்து மூன்று. வீடு, ஓட்டல், வீடு, நடுவில் ஒரு பஸ். அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்தப் புத்தகம் வரும் வரை.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையின் விரிப்பு மூட்டையை அக்கா அவிழ்த்தபோது அது விழுந்தது. செங்கல் கனம். அட்டையில் சிறகு முளைத்த குதிரை, அதன் மேல் வாளோடு ஒரு சின்னப் பெண். தங்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போகும் பொருளில் அறை எண் எழுதிய சீட்டை ஒட்டி, தொண்ணூறு நாள் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் கண்டெடுத்தவருக்கு. சாவி என்னிடம்.

"தொண்ணூறு நாளா? சாப்பாட்டு நேரத்துல மட்டும் குடு. உன் கண்ணு முன்னாடியே படிச்சிட்டுத் தரேன்," என்றார் அக்கா.

பூட்டி வை என்று விதி இருந்தது. படிக்காதே என்று இல்லை. அடுத்தவர் பொருளைப் புரட்டுவது பாவமா, இல்லையா? எனக்குப் பிடிபடவில்லை. ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

அக்கா வாய்விட்டுப் படிப்பார். நான் சாப்பிட்டபடி கேட்பேன். பதினைந்து வயதுப் பெண், கோபுரத்தில் அடைபட்ட அண்ணனைத் தேடிப் போகிறாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. இவன் நல்லவன் என்று நான் முடிவு கட்டும்போதெல்லாம் அவன் கட்சி மாறினான்.

"என்னக்கா, பேரன் எடுக்குற வயசுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க புக்கா? நாளைக்குப் பறப்பீங்களோ?" என்பார் வாஷிங் மெஷின்காரர்.

"பறந்தா முதல்ல உன் தலைக்கு மேலதான். குடை வெச்சுக்கோ!"

எனக்கும் சந்தேகம்தான். "எல்லாமே பொய்யாச்சேக்கா. இதுல என்ன இருக்கு?"

"எனக்குக் கல்யாணம் பேசினப்போ பதினஞ்சு. பக்கத்து ரூம்ல பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தேன். ஒருத்தரும் என்னைக் கேக்கல. இவளைப் பாரு, குதிரைகூட எந்தப் பக்கம் போகலாம்னு இவகிட்டதான் கேக்குது."

எண்பத்தாறாம் நாள், மூன்று மணிக்கு வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. புத்தகத்தை விட்டுப் போனவர்கள் கேட்டுவிட்டார்கள், நாலு மணிக் கூரியர் வண்டியில் அனுப்ப வேண்டும். பாக்கி நாற்பது பக்கம்.

"நாலு நாள்தானேடி. தேடிட்டு இருக்கோம்னு சொல்லேன்."

"பொய் சொல்ல வராதுக்கா."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. சரியாக நடந்துகொண்டால் மனதுக்கு நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "நீங்க படிங்க, நான் தேய்க்கிறேன்."

கோபுரக் கதவு திறக்கிற இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. தலையணை உறை கருகியது.

"உள்ள யாருக்கா?"

"முதல்ல பெட்டியை எடுடி!"

உள்ளே அண்ணன் இல்லை. ஒரு படிக்கட்டு மேலே போனது, ஒன்று கீழே போனது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. இன்னும் ஒன்பது பக்கம்.

"கடைசிப் பக்கத்தையாவது பாருங்கக்கா."

"அவ ஒவ்வொரு படியா நடந்து வந்திருக்கா. நான் மட்டும் முன்னாடி ஓடி எட்டிப் பாக்கவா?" என்று சொல்லி, அக்காவே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். இவ்வளவு ஆசைப்பட்டவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேலை முடிந்ததும் புத்தகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் புத்தகத்தின் பெயரைக் கேட்டார். எங்களுக்கு அது எப்போதும் முந்நூற்றுப் பன்னிரண்டுதான். அட்டையில் இருந்த பெயரின் மேல் சீட்டை ஒட்டியவளே நான்தான். உள்ளே இருந்த பெயரை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "ரெக்கை வெச்ச குதிரைங்க," என்றார் அக்கா. கடைக்காரர் ஒரு அலமாரி முழுவதையும் காட்டினார். எதைப் புரட்டினாலும் எங்கள் பெண் இல்லை.

மறுநாள் காலை கும்பிடும்போது, என் பிள்ளைகளுக்கு அடுத்தபடி அவளும் என் வாயில் வந்துவிட்டாள். பிறக்கவே பிறக்காத பெண்ணுக்காக வேண்டலாமா? ஆண்டவன் சிரிப்பாரா, கோபிப்பாரா? விடை தெரியாமல் அக்காவிடமே கேட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மேல போகச் சொல்லி வேண்டினியா, கீழயா?"

அதை நான் யோசிக்கவே இல்லை.