நாலு கட்டை பின்னுக்கு

மகள் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டி விட்டிருக்கிறாள். நேரம் பார்க்க அல்ல, அடி எண்ண. சீனி வருத்தம் வந்த தகப்பன்மாருக்கு இந்தக் காலத்தில் கிடைக்கிற தண்டனை இது. நேற்றுப் பின்னேரம் உடுப்பிட்டியில் பள்ளிக்கூட மதிலைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது அது மணிக்கட்டில் கிடந்து அதிர்ந்தது. பார்த்தால், கண்ணாடிக்குள் வாணவேடிக்கை. நான் இலக்கை எட்டிவிட்டேனாம். எந்த இலக்கு, யார் வைத்தது? சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் வேறு பார்த்துவிட்டார்கள். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மிச்ச வழி நடந்தேன்.

ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நானும் ஒருகாலத்தில் நடந்தவன்தான். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, கிழக்குக் கரை முழுவதையும் வெறுங்காலால் கடந்து, கதிர்காமம் வரைக்கும் போனவன். இதைச் சொன்னால் மகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறாள்.

அந்த நடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேலும் இல்லை, அரோகராச் சத்தமும் இல்லை. வேப்பெண்ணெய் மணம். ஒவ்வொரு நாளும் தங்கும் இடத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து, உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெயை உள்ளங்காலில் தேய்ப்போம். வாய்க்குள்ளும் கசக்கிற மாதிரி ஒரு மணம். அந்த வட்டத்தில் பெரிய போத்தல் ராணியக்காவுடையது. நெல்லிரசம் வந்த பழைய போத்தல் ஒன்றில் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குத் தேய்க்க இடம் கூட. பாதத்தில் தொடங்கி வலது தொடை வரைக்கும் போக வேண்டும்.

ராணியக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது வீடு. தையல்காரி. ஊர்ப் பெண்களின் சட்டையில் பாதி அவர் கையால் தைத்தது. சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு ஒன்று அவருடைய வலது தொடையைப் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் தமையன், கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர். எலும்புக்குத் தகடு வைத்தார்கள். இனிமேல் இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னாராம். அந்தக் கட்டிலில் கிடந்தபடியே அக்கா நேர்த்தி வைத்தார். "முருகா, இந்தக் காலை நான் நிலத்திலை ஊண்டினால், இந்தக் காலாலையே உன்னட்டை நடந்து வாறன்."

கால் ஊன்ற இரண்டு வருடம் பிடித்தது. பாதை திறக்க அதைவிட எத்தனையோ வருடம். சண்டை முடிந்து, கண்ணிவெடி கிளறி, கரையோரம் நடக்கலாம் என்று ஆனதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

நான் போனதற்குக் காரணம் அவ்வளவு புனிதமானது அல்ல. எனக்குப் பிரதேச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா தன்பாட்டில் ஒரு நேர்த்தியை வைத்துவிட்டு என் காலை அதற்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல், கோயில் கோயிலாகச் சாப்பாடு போடுவார்கள் என்று தெரிந்தும், மிளகாய்த்தூளில் ஒரு கிலோ கட்டித் தந்தார். யாழ்ப்பாணத்தார் முருகனிடம் போனாலும் தூள் இல்லாமல் போவதில்லை. வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மாஸ்டர் என்னை வேலிக்கரையில் கூப்பிட்டார்.

"உவள் நாகர்கோவில் தாண்ட மாட்டாள் தம்பி. கால் வீங்கினாலும் சொல்ல மாட்டாள். நீ பக்கத்திலை நில். கொஞ்சம் பிசகினாலும் எனக்கு ஒரு போன் எடு, வான் கொண்டு வாறன்."

ஆக, நான் யாத்திரீகனாகப் போன ஒற்றன்.

யாத்திரையின் சட்டங்கள் கொஞ்சம்தான். காலில் செருப்பில்லை. தருகிற இடத்தில் தருகிறதைச் சாப்பிட வேண்டும். ஆளையாள் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நடந்து வருவதாக நேர்ந்தவர் எந்த வாகனத்திலும் ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடத்தோடு நேர்த்தி அறுந்தது. வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற பெரியவரை மட்டும் ஐயா என்போம்.

மூன்றாம் நாள் எங்கள் கரையோர நாகர்கோவிலைத் தாண்டினோம். ராணியக்கா ஊன்றுதடியை ஒருதரம் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு, "போய்ச் சொல்லு உன்ரை மாஸ்டருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஆனால் வெயில் மாஸ்டரின் பக்கம் நின்றது. அப்போது அந்த ரோட்டு வெறும் மணல். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். ஒருபக்கம் சவுக்கு, மறுபக்கம் கண் கூசுகிற கடல். குழு முன்னால் போய்விட்டது. அக்கா தன் தண்ணீரை எல்லாம் வழியில் ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஒரு வடலிப் பனைக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்து விழுந்தார். கண் மேலே சொருகிவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். முதலில் அழுதேன். அந்த நேரம் கரைவலை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் செம்பியன்பற்று அந்தோனி அண்ணை. இரண்டு பேருமாக அக்காவைத் தூக்கி வலைக்கு மேல் கிடத்தினோம். அங்கிருந்து குழு தங்கியிருந்த மருதங்கேணிப் பள்ளிக்கூடம் நாலு கட்டை, அதாவது நாலு மைல். போய்ச் சேர்ந்த கையோடு, நான் பெரிய பொறுப்பான ஆள் அல்லவா, மாஸ்டருக்கும் போன் எடுத்தேன்.

"நான் சொன்னனான் எல்லே? விடிய வான் கொண்டு வாறன். அவளுக்குச் சொல்லிப் போடாதை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், முகத்தில் தெளித்த தண்ணீரோடு அக்கா எழும்பி இருக்கிறார். ஒரு மாதமாக மச்சமாமிசம் தொடாமல் விரதம் இருந்த மனுசி.

"உதென்ன என்னிலை மீன் மணக்குது?"

அக்கா வெளியே நின்ற உழவு இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் ஏத்தினது?"

"நான்தான் அக்கா. மயங்கிப் போனியள், அதுதான்..."

"மயங்கினால் தண்ணி தெளிக்கிறது. வாகனத்திலை ஏத்துறதே? இந்தக் காலாலை வாறன் எண்டெல்லோ சொன்னனான். அந்தோனியின்ரை டயராலை வாறன் எண்டே சொன்னனான்?"

ஐயா சமாதானம் சொன்னார். "மயக்கத்திலை நடந்தது நேர்த்தியிலை சேராது அம்மா. முருகன் உதெல்லாம் பாக்க மாட்டார்."

"அவர் பாக்க மாட்டார் ஐயா. நான் பாப்பன்."

ஏறின இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நடக்கப் போகிறேன் என்றார் அக்கா. குழு காத்திருக்க முடியாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய், மறுநாள் விடிய அங்கிருந்து தெற்கே வெளிக்கிட வேண்டும். அதற்கு அப்பால் காவலரண்களில் பெயர்ப்பட்டியல் கொடுத்திருந்தது. குழுவோடு வருகிறவரைத்தான் விடுவார்கள். தனியே வந்தால் திரும்ப வேண்டியதுதான். ஆகவே அந்த விடியலுக்குள் அக்கா வற்றாப்பளையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் ஏறி வீடு.

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அந்தோனி அண்ணைக்கு இந்த வழக்கு முழுவதும் உடனே விளங்கிவிட்டது. "நாங்களும் மடு மாதா கோயிலுக்கு நடக்கிற ஆக்கள் அக்கா. பின்னுக்குப் போறதுக்கு ஏறலாம், பிழையில்லை. முன்னுக்கு வாறதுக்குத்தான் ஏறக்கூடாது. விடிய நான் கொண்டு போய் விடுறன்." வேதக்காரர் சொன்ன தீர்ப்பைச் சைவக்காரர் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

விடிய நாலு கட்டை பின்னுக்குப் போனோம். இப்போது புதுப் பிரச்சினை, எது அந்த இடம்? நான் ஒரு வடலியைக் காட்டினேன். அந்தோனி அண்ணை இன்னொரு வடலியைக் காட்டினார். அந்தக் கரையில் வடலிக்குப் பஞ்சமா? அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. "இன்னும் பின்னாலை" என்றார். இன்னும் கொஞ்சம் போனால், மணலில் அவருடைய ஊன்றுதடி கிடக்கிறது. விழுந்தபோது நழுவியது. அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுதுவினைஞன் என்கிற பெருமை அவ்வளவும் போய்விட்டது.

ஒரு கட்டை நடந்திருக்க மாட்டோம், முன்னால், பள்ளிக்கூடப் பக்கமிருந்து, புழுதி கிளப்பிக்கொண்டு வெள்ளை வான் ஒன்று வந்தது. மாஸ்டர். வானைத் திருப்பி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா நடக்கும் வேகத்திலேயே பக்கத்தில் ஓட்டுவித்தார்.

"ஏறு பிள்ளை. காணும். காலைப் பார், வீங்கிக் கிடக்கு."

அக்கா திரும்பவில்லை. மாஸ்டர் வெருட்டினார், கெஞ்சினார். இனி வீட்டுப் படி மிதிக்க வேண்டாம் என்றார், அடுத்த மூச்சில் சோடா வேணுமோ என்று கேட்டார். வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கின பிறகுதான் அக்கா நின்றார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்னைத் தூக்காட்டில் நான் இல்லை. இண்டைக்குத் தூக்கினால் நான் இல்லை."

மாஸ்டர் வானை நிறுத்தச் சொன்னார். பிறகு இறங்கினார். சப்பாத்தைக் கழற்றி வானுக்குள் எறிந்துவிட்டு எங்களோடு நடந்தார். பெரிய காட்சி என்று நினைக்காதீர்கள். இருநூறு யார் தூரம் போயிருப்பார், "ஐயோ, சுடுகுதே!" என்று துள்ளிக்கொண்டு வானுக்கு ஓடினார். சந்நிதியில் வெளிக்கிட்ட பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நடந்து வா. நான் முன்னுக்குப் போய்க் குழு ஆக்களை மறிக்கிறன்" என்று சொல்லி வானை விட்டார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான். வெற்றிலைக்கேணி, சுண்டிக்குளம், அதற்கு அப்பால் பாதி கட்டிய வீடுகளும் தகரக் கொட்டில்களும். போகும் இடமெல்லாம், "உங்கடை ஆக்கள் நேற்றுத்தான் போனவை" என்றார்கள். தகரத்துக்குக் கீழே இருந்த ஒரு குடும்பம் தங்களுக்குச் சமைத்த சோற்றை எங்களுக்குப் போட்டது. அம்மா தந்த தூளை அவர்களிடம் கொடுத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாவைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் லொறி ஒன்று நிறுத்தி, ஏறச் சொன்னது. என் உள்ளங்காலில் மூன்று கொப்புளம். கை தானாகவே லொறிப் பலகையைப் பிடித்துவிட்டது.

"நீ ஏறு தம்பி. உனக்கென்ன, நேர்ந்தது அம்மாதானே" என்றார் அக்கா, மிக அன்பாக. அதற்குப் பிறகு எப்படி ஏறுவது? கையை எடுத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் விடியற்புறம் வற்றாப்பளையை நெருங்கினோம். அரோகராச் சத்தம் கேட்டது. "வெளிக்கிட்டினம்" என்று சொல்லி அக்கா ஓடத் தொடங்கினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. தடியும் இடது காலும் இழுக்க வலது கால் பின்னால் வந்தது. ஆனால் என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கோயில் வாசலில் பார்த்தால், குழு முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல இரட்டை வரிசையில் நிற்கிறது. ஐயா வேலோடு பொறுமை இழந்து நிற்கிறார். மாஸ்டர் கையில் பெயர்ப்பட்டியல். பிறகு கேள்விப்பட்டேன், இருட்டோடு வெளிக்கிட நின்ற குழுவை, "பட்டியலிலை ரெண்டு ஆள் குறையுது, ஒருக்கா எண்ணுவம்" என்று சொல்லி மூன்று தரம் வரிசையில் நிறுத்தி எண்ணியிருக்கிறார். எத்தனை தரம் எண்ணினால் என்ன, குறைகிற இரண்டு பேரும் ரோட்டில் அல்லவா நிற்கிறோம். கணக்கு மாஸ்டர் ஒருவர் தெரிந்துகொண்டே பிழையாகக் கணக்குப் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

எங்களைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோயில் வீதி முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

"செல்வராணி!"

"வந்திட்டன் அண்ணை!"

அந்தச் சத்தத்துக்குக் குழு போட்ட அரோகரா இன்னும் என் காதில் கிடக்கிறது. ஐயா வேலைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார் ராணியக்கா. ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து, காடு கடந்து, கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்குள் அந்த வலது காலைத்தான் முதலில் வைத்தார். நானும் வைத்தேன். அப்படி ஒரு வெற்றி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது அந்த மணல் ரோட்டுக்குக் தார்க் கார்ப்பெட் போட்டாயிற்று. நாலு கட்டையை ஒரு கொட்டாவி விடுவதற்குள் கடந்துவிடலாம். தகரக் கொட்டில்கள் இல்லை. அந்தோனி அண்ணை மகனிடம் வெளிநாடு போய்விட்டார். ஐயாவும் இல்லை, மாஸ்டரும் இல்லை. ராணியக்கா மட்டும் இருக்கிறார், தைக்கிறார்.

நாங்கள் திரும்பி வந்த மாதம் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நடமாட முடியாதவர்களுக்கு உதவி கொடுக்கும் பட்டியலில் அவருடைய பெயர் பல வருடமாக இருந்தது. அதை வெட்டச் சொன்னார்.

"அக்கா, கால் அதே கால்தானே. கிடக்கட்டுமே."

"ஓம், அதே கால்தான். கதிர்காமம் போன காலை நடக்கேலாத கால் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள். வெட்டிப்போட்டுத் தேவையான ஆளுக்குக் குடு."

பட்டியல் கொப்பியில், பெயரை நீக்குவதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. இறந்தவர், இடம் மாறியவர் என்று இரண்டு காரணம்தான் அதுவரை எழுதியிருக்கிறார்கள். நான், 'கதிர்காமத்துக்கு நடந்து போனவர்' என்று எழுதிச் சிவப்புப் பேனையால் பெயரை வெட்டினேன். அலுவலகப் பெரியவரும் வாசித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கொப்பியும் இப்போது இல்லை. பட்டியல் கணினிக்குள் போய்விட்டது. வேலை குறைந்த நாட்களில் அதில் ராணியக்காவின் பெயரை அடித்துத் தேடுவேன். அப்படி ஒருவர் இல்லை என்று வரும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.