உப்புப் பார்க்கும் பிள்ளைகள்: மானிப்பாயிலிருந்து நெல்லியடிக்கு

பெருமதிப்புக்குரிய அயற்கிராமத்து மாதர் சங்கச் சகோதரிகள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள். இக்கட்டுரையைப் புரட்டாதி மாதச் சுற்றிதழுக்கே தருவதாக வாக்களித்திருந்தேன். தாமதத்திற்கு மன்னிப்புக் கோருகின்றேன். கண்டு வந்ததைச் செய்து பார்த்த பின்னரே எழுதுவது முறையெனக் கருதினேன்.

1992 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நான் நெல்லியடிக்குப் போனேன். எங்கள் கஞ்சி நிலையத்தில் மூன்று மாதங்களாக ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் இலைக்கஞ்சி வழங்கி வந்தோம். தொடக்கத்தில் யாவரும் வந்தார்கள். பின்னர், எவருக்காக அடுப்பு மூட்டினோமோ, அந்த நிறை குறைந்த ஒன்பது பிள்ளைகளும் ஒவ்வொருவராக வராமற் போனார்கள். அவர்களுள் ஒரு சிறுமிக்கு மூன்று வயது. தராசில் தொங்கவிட்டால் முள் அசைவதற்கே யோசிக்கும். அவளுடைய தாயை வீடு தேடிச் சென்று கேட்டேன். "எங்கடை வீட்டிலையும் அடுப்பு எரியுது அக்கா" என்று மட்டும் சொல்லி, படலையைச் சாத்தினார்.

இலையின் கசப்பே காரணம் என்று நான் முடிவு செய்தேன். நெல்லியடியில் ஒரு நிலையத்திற் பிள்ளைகள் சண்டை பிடித்துக் கஞ்சி குடிக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டதால், அவர்களுடைய பக்குவத்தை எழுதிவரக் கொப்பியும் பென்சிலுமாகப் புறப்பட்டேன்.

காலை 6.15க்கு மானிப்பாய்ச் சந்தியில் மினிபஸ் ஏறினேன். யாழ்ப்பாணப் பட்டணத்திற்கு ஏறத்தாழ நான்கு மைல், கட்டணம் ஐந்து ரூபாய். பட்டணத்தில் நெல்லியடிக்குச் செல்லும் வண்டி நின்றது. ஆனால் இயந்திரம் நின்றவாறே இருந்தது. எப்போது புறப்படும் என்று சாரதியிடம் வினவினேன்.

"மண்ணெண்ணெயிலை ஓடுறவர் அக்கா. பெற்றோலை ஒருக்கா மூக்கிலை காட்டினால்தான் எழும்புவார். அந்தப் பெற்றோலுக்குத்தான் ஆள் போயிருக்கு."

"எட்டு மணிக்கு முன்னர் வந்துவிடுவாரா?"

"நீங்கள் கதைக்கிற வடிவுக்கு அவர் இப்பவே எழும்பப் பாக்கிறார்" என்றார். வண்டியிலிருந்தோர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 8.20க்குப் புறப்பட்டோம். நீர்வேலியில் கூரைமேல் வாழைக்குலைகள் ஏற்ற இருபது நிமிடம். வல்லைவெளியில் ஒதுங்க ஒரு மரமும் இல்லையாதலால், குண்டுவீச்சு விமானம் வருமோ என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி கடந்தோம். பதினேழு மைலுக்கு இருபத்தைந்து ரூபாய். நெல்லியடிச் சந்தையடியில் இறங்கியபோது 10.05. நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடையில், ஒரு வாசிகசாலையின் பின்வளவில் உள்ளது.

அதனை நடத்துபவர் சிவபாக்கியம் அக்கா. உரத்த குரலும் பருத்த அகப்பையும் கொண்டவர். நான் போனபோது பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் இலை. முசுட்டை, முல்லை, தவசிமுருங்கை என, தத்தம் வேலியில் எது இருந்ததோ அது. ஒரு குழந்தை ஒற்றை வல்லாரை இலையோடு வந்தது. அக்கா அதையும் இரு கைகளால் வாங்கி, "இண்டைக்குக் கஞ்சிக்கு இதுதான் குறைஞ்சு நிண்டது" என்றார்.

பக்குவத்தை எழுதிக்கொண்டேன். அரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், கடைசியில் இலைச்சாறு. வியப்பு என்னவெனில், நாங்கள் செய்வதும் அதுவேதான். ஆகவே அடுத்த கேள்வியைக் கேட்டேன். "நிறை குறைந்த பிள்ளைகளின் பட்டியலை எங்கே போட்டிருக்கிறீர்கள்?"

"போடுறதோ? எங்கை?"

"வாசற்கதவில். எங்கள் நிலையத்தில் நானே முத்து முத்தாக எழுதி ஒட்டியிருக்கிறேன்."

அக்கா அகப்பையை நிறுத்தினார். "ஏன் தங்கச்சி, பிள்ளையளை என்ன கோழி மாதிரி நிறுத்து விக்கப் போறியளே?"

நான் கொப்பியை மூடினேன். அவர் என்னை விட்டுவிட்டு, வளவுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். "உப்புப் பாக்கிறவை வாங்கோ!" ஐந்து பிள்ளைகள் பெருமையோடு முன்னே வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கிடாரத்தின் அடியிலிருந்து தடித்த கஞ்சி அரைக் கோப்பை. ஒருவன் குடித்து முடித்து, நீதவானைப் போலத் தலையசைத்தான். அதன் பின்னரே எல்லோருக்கும் கஞ்சி. அந்த ஐவருக்கும் மறுபடியும் முழுக் கோப்பை.

"நிறை குறைஞ்சது ஆர் ஆரெண்டு என்ரை தலைக்குள்ளை இருக்கு" என்று அக்கா தாழ்ந்த குரலிற் சொன்னார். "தாய்மாருக்குத் தெரிஞ்சது, தங்கடை பிள்ளை உப்புப் பாக்காமல் இஞ்சை கஞ்சி இறங்காது எண்டதுதான்."

பிற்பகல் 1.30 வண்டியில் திரும்பினேன். ஐந்து மணிக்கு முன்னர் வந்து சேர்ந்து, முதல் வேலையாகப் பட்டியலைக் கிழித்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றபோதும் நானே கற்று எழுதிய எழுத்து என்று நான் பெருமைப்பட்டது அது. பின்னர் அந்தத் தாயின் படலைக்குச் சென்றேன். அவருடைய பெயரை இங்கே எழுதேன். ஒருமுறை அந்த வீட்டுப் பெயரை எழுதியதே போதும்.

"உங்கள் வேலியில் முசுட்டை நன்றாகப் படர்ந்திருக்கிறது. காலையில் ஒரு பிடி தருவீர்களா?"

"இலை கேட்டு வந்தனியளோ, பிள்ளையைக் கேட்டு வந்தனியளோ?"

"இரண்டையுந்தான். கதவில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். நான் செய்தது பிழை."

"நல்ல எழுத்துத்தான் அக்கா. ரோட்டிலை நிண்டே வாசிக்கலாம்." பிறகு, "விடியப் பாப்பம்" என்றார்.

விடிந்ததும் மகள் இலைக்கட்டோடு வந்தாள். அரைக் கோப்பையைக் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றாள். உப்பு அளவாகவே இருந்தது. எனினும் ஒரு சிட்டிகை இட்டதாகப் பாவனை செய்து, இன்னும் அரைக் கோப்பை வார்த்தேன். அதுவும் காணாது என்றாள். அன்று அவளுக்கு நான்கு தடவை சந்தேகம் வந்தது. சென்ற கிழமை தராசில் முள் யோசிக்கவில்லை.

போக விரும்புவோர் கவனத்திற்கு: வியாழனன்று செல்லுங்கள், அன்று அக்காவுக்குச் சந்தை வேலை இல்லை. கோப்பை கொண்டு போங்கள், கஞ்சி தராமல் அனுப்பமாட்டார். போய்வர அறுபது ரூபாய் போதும்; திரும்பும் வண்டியை முதலிலேயே விசாரித்து வையுங்கள். இக்கட்டுரையைத் தயவுசெய்து சுவரில் ஒட்டாதீர்கள். வாசித்த பின் அலுமாரிக்குள் வையுங்கள்.

ஒன்பது பேரில் ஏழு பேர் இப்போது வருகிறார்கள். மிகுதி இருவரின் வீடுகளில் வேலி இல்லை. கேட்பதற்கு இலையும் இல்லை. அவ்வீடுகளில் நான் எதைக் கேட்டுப் போகலாம் என்று உங்களில் எவருக்கேனும் தோன்றினால், விரைவாகப் பதில் எழுதுங்கள்.