நரிப்பொத்தை வெளிச்சம்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில், ஊருக்கு மேற்கே தனியாக நிற்கும் நரிப்பொத்தையில் கோயில் கிடையாது, சிலுவை கிடையாது, சுனைகூடக் கிடையாது. ஆனாலும் இன்னாசிராஜ் இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அந்தக் குன்றில் ஏறினார். தீப்பெட்டி ஆபீஸில் ஆறு நாளும் மருந்து வாடைக்குள் நிற்பவருக்கு ஏழாம் நாள் காற்று வேண்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, புதையல் கிடைச்சுட்டா?" என்று கேட்பார்கள்.

"பாதி எடுத்தாச்சு. மீதி அடுத்த வாரம்."

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். உச்சியை எட்டியதும் சவரக் கண்ணாடியை வெயிலில் காட்டுவார். ஒன்றரை மைல் தள்ளி மொட்டை மாடியில் நிற்கும் மனைவி ஜெயஷீலா பதிலுக்குத் துண்டை வீசிவிட்டு, சட்னி அரைக்க இறங்குவாள்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்றார்கள். "நேத்துக்கூட மலையேறி வெளிச்சம் காட்டுனாவளே" என்று ஜெயஷீலா டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, துணி காயப்போட மாடிக்குப் போனாள். பொத்தையின் உச்சியில் வெளிச்சம் மின்னியது.

ஈரத்துணியோடு அவள் கை தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது.

நிறைமாதமாக இருந்த மகள் ஜெபிஷாவிடம் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். அடிவாரத்தில் சுடலைக்குமார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"மேல யாரு தம்பி இருக்கா?"

"யாருமில்ல மதினி. சட்டி மூடி. நாந்தான் கட்டுனேன். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் மேல போட்ட சாக்க எடுப்பேன், இந்த வாரம் மூட மறந்துட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "வைகாசியிலயே அண்ணாச்சிக்குப் பாதியில மூச்சு முட்டிட்டு. பொறவு ஏறவே இல்ல. இங்கன, இந்தப் பாறையிலதான் உக்காந்திருப்பாவ. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். புள்ளைக்குப் பிரசவம் முடியட்டும்லே, ஒன் மதினி வெளிச்சத்தப் பாத்தா நிம்மதியா இருப்பான்னுட்டாவ."

அவள் ஏறினாள். நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பாறையோடு கம்பியால் இறுக்கியிருந்த மூடியில், கல்யாணச் சீர் பாத்திரங்களில் வெட்டிக் கொடுத்த அதே புள்ளி எழுத்தில் அவள் பெயர் இருந்தது. இதை எதிர்வீட்டு ராதாமணி எடுத்துவிட்டாள் என்று நாலு மாதமாக அவளோடு பேசாமல் இருந்தாள். நாலு மாத ஞாயிறுகளில் இந்த மூடிக்குத்தான் துண்டு வீசியிருக்கிறாள்.

கம்பியை அவிழ்த்து, மூடியை எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் உட்கார்ந்த பாறையில் உட்கார்ந்தாள். உடைமரங்கள் மறைத்தன. அங்கிருந்து வீடு தெரியவில்லை.

"நான் வீசுனது அவியளுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியும் மதினி. மேல நின்னு பாத்துட்டு வந்து நான் சொல்லுவேன். 'வீசிட்டாவ'ன்னு சொன்ன பொறவுதான் எந்திரிச்சு வீட்டுக்கு வருவாவ."