யோகத்தின் வளைந்த கீபோர்ட்

கமலாம்பிகை எனக்கு அக்கா முறை. கூடப் பிறந்தவர் இல்லை. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அண்ணன் தம்பி. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் விஸ்வலிங்கம், கல்யாணமாகி கோலாலம்பூரோடு போய்விட்டான். இளையவள் யோகலட்சுமி. எங்களுக்கெல்லாம் யோகம். எனக்கு மகள் முறை, என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள்.

யோகம் பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் பீச் ஸ்திரீட்டில் லாயர் தியாகராஜாவின் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். அந்த ஆபீசில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், யோகம் போகவில்லை. லாயர் வாயால் சொல்லி முடிப்பதற்குள் அவள் தட்டி முடித்திருப்பாள் என்று சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், ஈப்போ மாப்பிள்ளை, நல்ல பையன்தான், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றார். யோகம் அவரை விட்டாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியபோது கிராமாட் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்கே நடந்தவளை ஒரு லோரி அடித்தது. உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. அதற்குப் பிறகு கால் இரண்டும் பேருக்குத்தான் இருந்தன. நிமிர்ந்து உட்கார முடியாது. சாய்வு நாற்காலியில் பாதி படுத்த மாதிரி கிடக்கலாம், அவ்வளவுதான். மேசைக்கு முன்னால் உட்காருவது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைக்க அமலம்மாள் என்று ஒரு பெண் காலையும் மாலையும் வந்தாள். மாதா கோயில் பக்கத்து வீடு. கை பலமான கை, வாயும் அப்படித்தான். அக்காவுக்கு எழுபது வயது, மகளைத் தூக்கத் தெம்பு இல்லை. அமலம்மாளுக்குச் சம்பளம் கொடுத்தது மூத்தவன் விஸ்வம். மூன்று வருஷம் கொடுத்தான். பிறகு ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

“அம்மா, பட்டர்வொர்த்துல ஒரு ஹோம் இருக்கு. தங்கச்சிய நல்லா பாத்துக்குவாங்க. நீங்க எங்ககூட கேஎல்லுக்கு வந்துடுங்க. தீவாளியோட இந்த வீட்டை விட்டுருவோம்.”

யோகம் உள்ளே நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அண்ணே, எனக்கு வேலை கெடச்சா?” என்றாள்.

“யாரு குடுப்பா?”

“கெடச்சா?”

“கெடச்சா இருந்துக்க. அமலத்துக்கு நீயே சம்பளம் குடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அப்படித்தான் தொடங்கியது. யோகம் ஆபீசின் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஹென்றிக்கு டெலிபோன் செய்து அழுதிருக்கிறாள். ஹென்றி கத்தோலிக்கர், இவளோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். லாயரிடம் பேசி, ஆபீசில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். ஒரு பழைய நில வழக்கு, கட்டுக் கட்டாகப் பேப்பர். அதை வீட்டிலேயே டைப் செய்து தர வேண்டும். சரஸ்வதி பூஜை வாரம் முடிந்து புதன்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்வேன், சரியாக இருந்தால் மாதாமாதம் வேலை வரும் என்று பாஸ் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்ட் நேராக, தட்டையாக, பலகை மாதிரி இருந்தது. சாய்ந்து கிடப்பவள் அதை மடியில் வைத்துத் தட்டினால் இரண்டு மணிக்கட்டும் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். பிறகு முழங்கை வரை நெருப்பு. அவள் கைகளைத் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு பேப்பர் கட்டைப் பார்த்தபடி இருந்ததை நான் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து சிட்னியிலிருந்து என் மூத்தவன் லீவில் வந்திருந்தான். அங்கே அவன் ஆபீசில் கை வலிக்காரர்களுக்கென்று வேறு மாதிரி கீபோர்ட் கொடுக்கிறார்களாம். அவனுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள், கையோடு கொண்டுவந்திருந்தான். யோகத்தின் கையைப் பார்த்தவன் உடனே போய் அதை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான்.

நான் அப்படி ஒரு சாமானைப் பார்த்ததே இல்லை. நடுவில் பிளந்து, எழுத்துகள் இரண்டு கூட்டமாக விலகி, நடு முதுகு மேடாக எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்து இருந்தது.

அமலம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “என்னாக்கா இது, பேக்டரியிலயே நசுங்கிப் போச்சா?”

“இல்லலா. இதுக்கும் என்னமாதிரி முதுகு கோணல். அதான் ஒத்துப் போவுது” என்றாள் யோகம்.

ஒத்துத்தான் போயிற்று. மேசைக்கென்று செய்த சாமான், இவளுக்கு மடிதான் மேசை. கை இரண்டும் தொடைமேல் தானாக விழுகிற இடத்தில் எழுத்துகள் இருந்தன. மணிக்கட்டு வளையவில்லை. ஆனால் தொடையில் சதை போய்விட்டதால் அது வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கியது. அக்கா ஒரு பழைய தலையணை உறையை வெட்டி, பச்சைப் பயறு நிரப்பி, நீளமாக ஒரு பை தைத்தார். பயறு தொடையின் பள்ளத்துக்கு ஏற்றபடி உட்கார்ந்துகொள்ள, கீபோர்ட் அதன்மேல் அசையாமல் நின்றது.

“கஞ்சி காய்ச்ச வேண்டிய பயித்த மடியில கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்காங்க” என்று அமலம்மாள் சிரித்தாள்.

யோகம் தட்டத் தொடங்கினாள். பயற்றின்மேல் விழும் அந்தச் சத்தம் கேட்கவே மெத்தென்றிருந்தது. வலி வந்தது, ஆனால் தாங்கும் வலி. கட்டு கரைந்துகொண்டே வந்தது. சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அவள் முகத்தில் பழைய ஆபீஸ் களை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “சின்னம்மா, நான் எங்கயும் போவ மாட்டேன் போலருக்கு” என்றாள்.

எங்கள் வீடுகளில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தையும், பிழைப்புக்குக் கையில் எடுக்கும் சாமானையும் சாமி அறையில் வைப்போம். வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. யோகம் வேலைக்குப் போன காலத்தில் வீட்டில் ஒரு இரும்பு டைப்ரைட்டர் வைத்திருந்தாள். வருஷா வருஷம் அக்கா அதைத் துடைத்து, பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டுவார். அந்த இரும்புக்கு ஒன்றும் ஆனதில்லை.

பூஜையன்று பிற்பகல் அக்கா வந்து மகள் முன்னால் நின்றார்.

“பிள்ளை, அதைத் தா. சாமிக்கு முன்னால வைக்க வேணும்.”

“அம்மா, புதன்கிழமை குடுக்கணும். இன்னிக்கி தட்டுனாத்தான் முடியும்.”

“வருஷத்தில ஒரு நாள். உனக்குச் சோறு போடப்போற சாமான் இது. இதை வைக்காமல் நான் வேற எதைக் கொண்டுபோய் வைக்கிறது? அரிசி புடைக்கிற சுளகையா?”

கைக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, யோகம் வயரைக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

மாலையில் நான் அவலும் கடலையும் எடுத்துக்கொண்டு போனேன். சாமி அறையில் பட்டுத்துணி விரித்து நடுவில் அதை வைத்திருந்தார் அக்கா. எழுத்தெல்லாம் சரஸ்வதித் தாயின் எழுத்து என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தின்மேலும் சந்தனத்தைக் கரைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். ஒன்றுகூட விடவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. தேவாரம் பாடி முடித்ததும் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி மூன்று தரம் நன்றாகவே தெளித்தார். மகளுக்காக அல்லவா, வழக்கத்தைவிடத் தாராளமாகத் தெளித்தார். அந்த நடுப் பிளவில் தண்ணீர் தேங்கி விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது.

மறுநாள் காலை அமலம்மாள் அதைத் துடைத்து, வயரைச் செருகி மடியில் வைத்தாள். யோகம் ஒரு எழுத்தைத் தொட்டாள். திரையில் அந்த எழுத்து தன்பாட்டுக்கு எறும்பு வரிசை மாதிரி ஓடத் தொடங்கியது. வரி முடிந்து அடுத்த வரி, அடுத்த வரி. அவள் கையை எடுத்த பிறகும் ஓடியது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. எழுத்துகளின் இடுக்கிலெல்லாம் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

“அம்மா, தண்ணி தெளிச்சீங்களா?”

“தெளிச்சன். எப்பவும் தெளிக்கிறதுதானே.”

யோகம் சத்தம் போடவில்லை. தாயை ஒரு தரம் பார்த்தாள். அதோடு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வெயிலில் வைத்தோம். காற்றாடிக்கு முன்னால் வைத்தோம். அமலம்மாள் ஊசியால் சந்தனத்தைக் கிளறி எடுத்தாள். அது உயிர் பிடிக்கவில்லை. அவளே பஸ் ஏறி கொம்தார் கட்டடத்துக்குப் போய் கம்ப்யூட்டர் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிட்டு, வியர்த்து வழியத் திரும்பி வந்தாள்.

“வளைஞ்ச கீபோர்ட் இருக்கான்னு கேட்டா, அந்தச் சீனப் பையன் ‘ஒடைஞ்சத யாரு ஆன்ட்டி விப்பா’ன்றான். நல்லா திட்டிட்டு வந்துட்டேன். என்னா செய்றது சொல்லுங்க.”

மகன் அதற்குள் லீவு முடிந்து திரும்பியிருந்தான், சிட்னிக்கு டெலிபோன் பேசினேன். தபாலில் அனுப்பினால் வர இரண்டு வாரம் ஆகும் என்றான்.

பழைய தட்டைப் பலகை மறுபடியும் மடிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் கை மரத்தது. யோகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு வழி கண்டாள். பலகையைக் குறுக்காகச் சாய்த்தால் ஒரு கைக்கு மட்டும் மணிக்கட்டு நேராக வந்தது. அந்த ஒற்றைக் கையாலேயே எல்லா எழுத்தையும் தேடித் தட்டுவாள். அது ஓய்ந்ததும் பலகையை மறுபக்கம் சாய்த்து அடுத்த கை. ஆனால் பயற்றுப் பையின்மேல் அது சாய்ந்து நிற்கவில்லை, சறுக்கியது. அக்கா போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யோகம் முகவாயை அசைத்தால் இந்தப் பக்கம் சாய்ப்பார், இன்னொரு தரம் அசைத்தால் அந்தப் பக்கம். எழுபது தாண்டிய முட்டி. எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். நான் பிடிக்கிறேன் என்றால் தர மாட்டார். மகள் பேசாமல் தட்ட, தாய் பேசாமல் பிடிக்க, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பறந்தவள் ஒரு வரிக்கு முக்கினாள். செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு கையும் வீங்கி, பால் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனதால் அமலம்மாள்தான் யோகத்தின் வாயில் ஊற்றினாள்.

புதன்கிழமை காலை ஹென்றி வந்தார். விரல் தடிமனுக்குப் பேப்பர் இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா காப்பி போடக் குசினிக்குப் போயிருந்தார். யோகம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஹென்றி அண்ணே, இன்னும் ரெண்டு நாள் மட்டும். பாஸ்கிட்ட கேட்டுப் பாருங்க.”

ஹென்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவள் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“யோகம், நா ஒன்கிட்ட ஒண்ண மறைச்சு வச்சிருக்கேன். பாஸ் போன மாசமே ஒரு பொண்ண எடுத்துட்டாரு. இந்தக் கட்டு தேங்கிக் கெடந்துச்சு, அத முடிச்சிக் குடுக்க ஆளு வேணும், அதுக்குத்தான் சரின்னாரு. செஞ்சத பாத்தா மனசு மாறுவாருன்னு நானும் நெனச்சேன். நேத்து கேட்டேன்லா. முடியாதுன்னுட்டாரு.”

“முடிச்சிருந்தா?”

“முடிச்சிருந்தாலும் அதே பேச்சுதான்.”

யோகம் அழவில்லை. அவள் முகத்தை நான் பார்க்க மாட்டாமல் கைகளைப் பார்த்தேன். அவை மடியில் சும்மா கிடந்தன. பிறகு அவள் குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள், “அம்மா!”

மூன்று நாளாகக் கேட்காத குரல். அக்கா காப்பித் தட்டோடு ஓடி வந்தார்.

“அம்மா, நீங்க தண்ணி தெளிச்சதால இல்ல. வேல முன்னாலயே போயிருச்சு. ஹென்றி அண்ணனக் கேளுங்க.”

ஹென்றி, “ஆமா ஆன்ட்டி, உண்மைதான்” என்றார். நானும், “ஓம் அக்கா, என் காதால கேட்டன்” என்றேன்.

அக்கா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“மூண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பொய் சொல்லுறியள்” என்றார். “எனக்குத் தெரியாதே? நான் என் கையால செய்தது.”

“பொய் இல்லம்மா.”

“நீ வாயைத் திறந்தியே, அது போதும் பிள்ளை. பொய்யெல்லாம் வேண்டாம்.”

எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் நம்பவில்லை. யோகம் சொல்லச் சொல்ல, மகள் தனக்காக எவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

விஸ்வம் சொன்னபடி தீபாவளி கழித்துக் காரோடு வந்தான். முன் சீட்டைச் சாய்த்து யோகத்தைக் கிடத்தினார்கள். அமலம்மாள் அவளைக் கடைசியாக ஒரு தரம் தூக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். அக்கா ஒரு துணி மூட்டையோடு பின் கதவைத் திறந்து ஏறினார்.

“அம்மா, முதல்ல அவளை விட்டுட்டுத்தான் கேஎல் போறோம். ஏன் மூட்டைய மடியில வச்சிருக்கீங்க? பின்னால போடுங்க.”

“நானும் அங்கதான் இறங்கப்போறன்.”

“ஹோம்லயா? நீங்க நல்லாத்தானே இருக்கீங்க!”

“அவளுக்குக் கை வீங்கியிருக்குது. ஆர் ஊட்டிவிடுறது?”

விஸ்வம் கத்தினான், கெஞ்சினான். யோகமும், “அம்மா, எறங்குங்க. ஒங்க தப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்றது?” என்று முன்னால் கிடந்தபடியே கத்தினாள். அக்கா காதில் வாங்கவில்லை. கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினார்.

கார் படகேறும் ஜெட்டிக்குப் போக, பெரிய பள்ளிவாசல் பக்கம் திரும்பும் வரை நான் நின்றிருந்தேன். யோகத்தின் கை பிறகு பழையபடி ஆகவே இல்லை. அக்கா அந்த ஹோமில் நாலு வருஷம் மகளுக்கு ஊட்டிவிட்டார். போகும்போதெல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். “சரி தங்கச்சி” என்பார், அடுத்த கவளத்தைப் பிசைந்தபடி. கடைசி வரை நம்பவில்லை.