மணப்பெண்ணைப் பற்றிய அறிக்கை

குர்ரினல் போலீஸ் ஸ்டேஷனில் அரசாங்கப் பொறுப்பில் இருந்த உயிர்கள் இரண்டு. ஒன்று கான்ஸ்டபிள் மலாக்கி டெவேன், இன்னொன்று அவன் குதிரை. தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, பின்னால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய லாக்கப், அதை ஒட்டி லாயம். மாவட்டத் தலைமை அலுவலகம் தெற்கே தொண்ணூறு மைல் தள்ளி பெல்வுட்டில் இருந்தது. நடுவில் புதர்க்காடும் ஆட்டுப் பண்ணைகளும் சிவப்புப் புழுதியும்தான்.

தனி ஆள் ஸ்டேஷன் என்றால் வேலை குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாய்களுக்கு உரிமம் கொடுப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, வருஷத்துக்கு ஒருமுறை பண்ணை பண்ணையாகப் போய் எத்தனை ஏக்கர் கோதுமை, எத்தனை ஆடு என்று எழுதி வருவது, புத்தி பேதலித்தவர்களைப் பெல்வுட் வரை கூட்டிப் போய் ஒப்படைப்பது எல்லாம் அவன் தலையில்தான். கோர்ட்டு கூடும் நாளில் வழக்குத் தொடுப்பவனும் அவன், நாற்காலி தூக்கிப் போடுபவனும் அவன்.

ஆனாலும் மலாக்கிக்கு அந்த இடத்தின் மேல் குறையே கிடையாது. அயர்லாந்தில் போலீஸ் உடுப்பைத் தூரத்தில் கண்டாலே அவன் அம்மா கதவைச் சாத்துவாள். கடல் தாண்டி வந்த இந்தத் தென்கோடிக் காலனியில் அதே மாதிரி உடுப்பில் அவன் போனால் டீக்குத் தண்ணீர் வைத்தார்கள். இந்த வித்தியாசத்தை ஏழு வருஷமாகியும் அவனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1879 ஏப்ரலில் பெல்வுட்டிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தனி ஆள் ஸ்டேஷன்களில் இனிக் கல்யாணமானவர்கள் மட்டுமே இருக்கலாம். பிரம்மச்சாரிகள் ஜூலை ஒன்றாம் தேதிக்குள் தலைமையகப் போலீஸ் பாசறைக்குத் திரும்ப வேண்டும். கான்ஸ்டபிள் ரோந்து போயிருக்கும்போது ஸ்டேஷனில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது மனைவியாக இருக்கட்டும் என்பது ஏற்பாடு. மனைவிக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே மேலிடத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மலாக்கி பெரிதாகக் கலங்கவில்லை. தெருக்கோடியில் ரொட்டி சுட்டு விற்கும் ஜெனிஃபர் டிரம்பாத்தைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. ஜெனிஃபர் கார்ன்வாலிலிருந்து வந்தவள். செம்புச் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். போலீஸ்காரன் கல்யாணம் செய்ய மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை எழுதி அஞ்சல் வண்டியில் அனுப்பினான்.

இரண்டு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: “மேற்படி பெண்ணின் வீட்டுக்கு மிக அருகிலுள்ள ஸ்டேஷனின் பொறுப்பாளர், மதிப்புள்ள குடும்பத்தாரையும் அப்பெண்ணையும் நேரில் விசாரித்து, அவளது நடத்தை பற்றி அறிக்கை அனுப்பவும்.”

மிக அருகிலுள்ள ஸ்டேஷன் குர்ரினல். பொறுப்பாளர் மலாக்கி டெவேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பெயர்தான் இருந்தது.

உத்தரவு உத்தரவுதான். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போனான். கொல்லனின் மனைவி டபித்தா கட்ஜ் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“திருமதி கட்ஜ், ஜெனிஃபர் டிரம்பாத்துங்கிற பெண்ணைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஏன், களவு கிளவு போயிடுச்சா?”

“கல்யாண விசாரணைம்மா. மேலேருந்து வந்திருக்கு.”

“அப்படியா. மாப்பிள்ளை யாரு?”

“உங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சது கிடக்கட்டும். விசாரிக்க வந்தவர் நீங்கதானே சொல்லணும். ஆளு எப்படி? குடிப்பானா?”

“ஒரு சொட்டு தொட்டதில்ல.”

“காது மட்டும் கொஞ்சம் நீட்டம்னு கேள்விப்பட்டேன்.”

உள்ளே கொல்லன் துருத்தியை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தான். “அந்தப் பயலுக்கு ரொட்டி சுடத் தெரியாது, செருப்பு மாதிரி இருக்கும். அதையும் எழுதிக்கச் சொல்லு.”

மலாக்கி முகம் சிவக்க, ‘நல்ல அபிப்பிராயம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டான். டபித்தா துணியைக் கூடையில் போட்டுவிட்டு அருகில் வந்தாள். “வெளையாட்டு இருக்கட்டும். போன வருஷத்துச் சங்கதிய என்ன பண்ணப் போறீங்க?”

பென்சில் நின்றுவிட்டது.

போன வருஷம் ஆட்டுக்கு ரோமம் வெட்டும் பருவத்தில் சாராயக்கடைக்காரர் கட்புஷ் ஒரு புகார் கொடுத்தார். டிரம்பாத் விதவை உரிமம் இல்லாமல் வெட்டுக்காரர்களுக்குப் போதைச் சரக்கு விற்கிறாள் என்று. ஜெனிஃபர் விற்றது இஞ்சியும் சர்க்கரையும் புளிக்கவைத்து வீட்டில் செய்த இஞ்சி பீர். மலாக்கி நாலு பாட்டிலைக் கைப்பற்றினான். பறிமுதல் செய்தவன் சுவைத்துப் பார்த்துப் போதைப்பொருள்தானா என்று எழுதித் தர வேண்டும். அங்கேதான் சிக்கல். பன்னிரண்டு வயதில் ஊர்ப் பாதிரியார் முன்னால் மண்டியிட்டு, சாகும்வரை மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் மலாக்கி. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோகக்கூட அவனுக்குக் கை வரவில்லை. கட்புஷ் ஒரு வாய் குடித்து, “சரக்கேதான், சந்தேகமே வேணாம்” என்றார். மலாக்கி வாக்குமூலத்தில், “சுவைத்துப் பார்த்தேன், போதை தரக்கூடியது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

கோர்ட்டில் ஜெனிஃபர் சொன்னது ஒன்றுதான். “நான் மெதடிஸ்ட் சேப்பல்ல குடிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டவ. போதைன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அது அந்தப் பாட்டில்ல இருக்கா இல்லையான்னு நான் எப்படிங்கய்யா சொல்ல?” குற்றம் சாட்டியவனும் குடியறியாதவன், சாட்டப்பட்டவளும் குடியறியாதவள். தீர்ப்பு கட்புஷின் நாக்கை நம்பிப் போனது. செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டமாட்டேன் என்று அவள் ஏழு நாள் லாக்கப்பில் இருந்தாள். பெண் கைதிக்குப் பெண் துணை வேண்டும் என்ற விதிப்படி டபித்தா வந்து உட்கார்ந்து பின்னல் போட்டாள்.

இரண்டாம் நாள் மலாக்கி சுட்டுக் கொடுத்த ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு ஜெனிஃபர் தட்டில் வைத்தாள். “எனக்குக் குடுத்த தண்டனை ஏழு நாள் காவல்தானே, கான்ஸ்டபிள்? இதுவும் அதுல சேர்த்தியா?” மூன்றாம் நாளிலிருந்து ஸ்டேஷன் அடுப்பில் அவளே ரொட்டி சுட்டாள். எட்டாம் நாள் அவன் அவள் கடைக்கு ரொட்டி வாங்கப் போனான். பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

சுவைக்காமல் எழுதியதை மட்டும் அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

பட்டறையிலிருந்து நேராக அவள் சமையலறைக்குப் போய் நோட்டைத் திறந்து உட்கார்ந்தான்.

“வயசு?”

“இருபத்தொம்பது. தெரியாத மாதிரி கேக்குறீங்க.”

“இப்ப நான் ஸ்டேஷன் பொறுப்பாளர்.”

“பொறுப்பாளரே, தொப்பியக் கழட்டி வைங்க. மாவுல தூசி விழுது.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “முன்னாடி தண்டனை ஏதாச்சும்?”

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. “எழுதுங்க. வாங்கிக் குடுத்தவர் நீங்க, நீங்கதான் எழுதணும்.”

“எழுதினா அனுமதி கெடைக்காது, அம்மணி. எழுதாம விட்டா அங்க யாரும் பழைய ரெஜிஸ்டரப் புரட்டிப் பாக்கப் போறதில்ல.”

“பாத்துட்டா?”

அவன் நோட்டின் ஓரத்தை மடித்தான்.

“என்னைக்காவது ஒருத்தன் வந்து பாத்துருவானோன்னு கதவு தட்டற சத்தத்துக்கெல்லாம் பயந்துகிட்டு நான் உங்களோட குடும்பம் நடத்தணுமா, ராசா? உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

உள்ளது உள்ளபடி என்றால் அதுவும்தான் சேரும் என்று மலாக்கிக்குத் தோன்றியது. தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் அத ருசி பாக்கல.”

“எத?”

“உங்க பாட்டில. பாத்தேன்னு எழுதினேன். பாக்கல. சத்தியம் பண்ணினவன் நான். கட்புஷ் சொன்னதத்தான் எழுதினேன்.”

அவள் கையைக் கழுவினாள். துடைத்தாள். அடுப்புக்கு இன்னொரு கட்டை வைத்தாள்.

“ஏழு நாள், மலாக்கி. நெசமாவே நஞ்சத்தான் வித்துட்டேன் போலன்னு அந்தக் கட்டைச் சுவத்தப் பாத்துகிட்டுக் கெடந்தேன். நீங்க பொய் சொல்ற ஆளில்லன்னு தோணிச்சு, அதனால என்னயே நம்ப முடியல. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் சேப்பல்ல கடைசி பெஞ்சுலதான் உக்காருறேன்.” குரல் உயரவில்லை. “எழுந்து போங்க. நாளைலேருந்து உங்க ரொட்டிய டபித்தாகிட்ட குடுத்தனுப்புறேன்.”

அன்று மதியமே அவன் அறிக்கையை எழுதினான். எழுத்து அவனுக்குச் சுலபமாக வருவதில்லை. மூன்று தாள் கசங்கியது.

“மேற்படி பெண்ணை ஊரார் நல்லவள் என்கிறார்கள். சென்ற ஆண்டு இந்த ஸ்டேஷனில் குற்றம் சாட்டப்பட்டு ஏழு நாள் காவலில் இருந்தாள். பானத்தைச் சுவைத்ததாக நான் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல. பிழை என்னுடையது, அவளுடையது அல்ல. இதை எழுதும் பொறுப்பாளரும் விண்ணப்பதாரரும் ஒருவரே என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

வேலை போகலாம் என்று அவனுக்குத் தெரியும். வேலை போனால் வீடு போகும், ஊர் போகும். அவள் ஏற்கெனவே போய்விட்டாளோ என்னவோ. உறையை ஒட்டுமுன் தாளைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினான். அவள் வாசலிலேயே நின்று படித்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

“தேதி போடல” என்று திருப்பிக் கொடுத்தாள்.

தேதி போட்டு அனுப்பினான். அதன் பிறகு தென்கோளத்து ஜூன் மாதக் குளிரில் மூன்று வாரக் காத்திருப்பு. டபித்தா தினமும் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். “இன்னும் உங்க பேச்ச எடுக்க மாட்டேங்குறா. ஆனா ரொட்டி முன்னவிடப் பெரிசா இருக்கு. பாத்துக்கோங்க.”

ஜூன் இருபத்துநாலாம் தேதி பெல்வுட்டிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஓர்பன் பதில் அனுப்பாமல் தானே குதிரையில் வந்து இறங்கினார். வயிற்று வலிக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர். காலை முழுக்கச் சேணத்தைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், பதிவேடுகளைப் பார்த்தார். பிறகு ஜெனிஃபரைக் கூப்பிட்டனுப்பினார்.

“இந்தாளு எழுதியிருக்கறது நெசமாம்மா?”

“இவர் சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க.”

“தெரிஞ்ச பிறகும் இவரக் கட்டிக்கிறதா உத்தேசமா?”

ஜெனிஃபர் மலாக்கியைப் பார்த்தாள். “அத நான் இவர்கிட்டயே இன்னும் சொல்லலீங்கய்யா. மொதல்ல உங்ககிட்ட சொன்னா நல்லாருக்காது.”

ஓர்பன் எழுந்தார். “குதிரைக்குத் தண்ணி காட்டணும்” என்று வெளியே போனார். குதிரை அப்போதுதான் குடித்து முடித்திருந்தது.

ஜெனிஃபர் மேஜையைச் சுற்றி வராமல் நின்ற இடத்திலேயே நின்றாள். “யாரும் கேக்காத எடத்துல நீங்களா எழுதினீங்க. அது எனக்குப் போதும். மறப்பேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

“மறக்க வேணாம்” என்றான் மலாக்கி.

ஓர்பன் திரும்பி வந்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். “தண்டனைய ரத்து பண்ணச் சொல்லி மேலிடத்துக்கு எழுதறேன். கல்யாணத்துக்கு அனுமதி உண்டு. டெவேன், பொய் வாக்குமூலம்னு உன் நடத்தைத் தாள்ல ஒரு வரி ஏறும். அந்த வரி இருக்கற வரைக்கும் நீ சார்ஜென்ட் ஆக முடியாது.”

“சரிங்கய்யா.”

“வேலைய விட்டே தூக்கியிருக்கணும். ஆனா இந்த எடத்துக்குப் போறியான்னு கல்யாணமான நாலு பேரக் கேட்டேன். நாலு பொண்டாட்டியும் மாட்டேன்னுட்டாங்க.” பேனாவைத் துடைத்தார். “விசாரணைய உனக்கே அனுப்பினது என் ஆபீசு தப்பு. அத நான் எந்தத் தாள்லயும் எழுதப் போறதில்ல.”

அவன் கத்தோலிக்கன், அவள் மெதடிஸ்ட்; நடத்தி வைப்பது பாதிரியாரா, சேப்பல் போதகரா என்ற பிரச்சினையைக் கிளப்ப நேரமில்லாததால் கல்யாணம் பெல்வுட் பதிவாளர் முன் ஜூன் முப்பதில் நடந்தது. வசந்தத்தில் ரத்து உத்தரவு வந்தது. அடுத்த ஞாயிறு ஜெனிஃபர் சேப்பலில் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சம்பளமில்லாத வேலையையும் அவள் குறையில்லாமல் செய்தாள். மலாக்கி ரோந்தில் இருந்தபோது ஒரு குதிரைத் திருடன் அவளிடமே வந்து சரணடைந்து, சாப்பிட்டுவிட்டு, லாக்கப்பில் தானே போய்ப் படுத்துக்கொண்டதும் உண்டு.

பக்கத்து ஸ்டேஷன்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்று வருஷம், பதவி உயர்வு, மாற்றல், மூட்டை முடிச்சு. குர்ரினலுக்கு மட்டும் அதே ஆள்.

பத்து வருஷம் கழித்து ஓர்பனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்போது அவர் மாவட்டத்துக்கே சூப்பரின்டென்டென்ட். நன்னடத்தையை முன்னிட்டு அந்த வரியை அடித்துவிடலாம், ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும் என்றிருந்தார். மலாக்கி அதை ஜெனிஃபருக்குப் படித்துக் காட்டினான்.

“அடிச்சா?”

“சார்ஜென்ட். கடலோரத்துல எங்கயாவது பெரிய ஸ்டேஷன்.”

“புள்ளைங்க அஞ்சு, ஆடு ஆறு, உங்க குதிரை வேற. இதயெல்லாம் எந்த வண்டில ஏத்தறது?” என்றாள். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, “உங்களுக்கு ஆசையா?” என்று கேட்டாள்.

அவன் இல்லையென்று தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்தான். இந்த முறை ஒரு தாள்கூடக் கசங்கவில்லை.

“தங்கள் அன்புக்கு என்றும் நன்றியுள்ளவன். அந்த வரி உண்மை. அது அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”