வேண்டாம் என்று நான் சொன்ன அனுமதி

நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில் எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நான் எழுத்தர். அவன் எலக்ட்ரீஷியன், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவன். இருவருக்கும் பறவைப் படம் எடுக்கும் பித்து. ஒரே இணையதளத்தில்தான் படங்களை ஏற்றிவந்தோம்.

எட்டு வருடம் காட்டுக்குள் அலைந்தவன் நான். அவன் பழைய கேமரா ஒன்றை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் மண்மேட்டைக் கிளறும் மெகாபோடு பறவையை, கால் தெறிக்கவிட்ட மண் அந்தரத்தில் நிற்க, அவன்தான் எடுத்தான். வாயால் பாராட்டினேன். வயிறு எரிந்தது.

ஒருநாள் மாலை போனோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். சென்னையில் நாட்காட்டி போடுகிற ஒருவர் அவன் படங்களைக் கேட்டிருந்தார். அவருடைய செயலியைத் தன் இணையதளக் கணக்கோடு இணைத்தால் போதும், படங்களை அதுவே எடுத்துக்கொள்ளும்.

"அண்ணே, அனுமதி கேக்குது, 'அலோ' அமுக்கலாமா? ஏதும் கோளாறு, கட்பட் ஆகிடாதே?"

திரையைப் படித்தேன். படங்களைப் பார்க்க மட்டும்தான் அனுமதி. கடவுச்சொல் அந்தச் செயலிக்குப் போகாது. கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். இதேபோல் இரண்டு செயலிகளுக்கு நானே அனுமதி கொடுத்து வைத்திருந்தேன்.

"வேண்டாம்டா. பாஸ்வேர்டு போச்சுன்னா கணக்கே போச்சு."

"டீக் ஹை அண்ணே. உங்களைக் கேட்டது நல்லதாப் போச்சு" என்று மறுக்கும் பொத்தானை அமுக்கினான். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவன் கிளம்பும்வரை நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் அனுப்பவேண்டிய கெடு கடந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை. நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்று அவன் அலுவலகத்தில் எல்லோரிடமும் இந்தியில் சொல்லித் திரிந்தான். ஒரு மாதம் பொறுத்தேன். கப்பலில் வரும் பார்சலுக்காக கப்பல்துறையில் நின்றபோது அவனிடம் சொல்லிவிட்டேன்.

"அதுல ஆபத்து ஒண்ணும் இல்லடா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்ணே?"

"உன் படம் காலண்டர்ல வந்துடும்னுதான்."

"கேட்டிருந்தா மெகாபோடு இருக்கிற இடத்துக்கு உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றான்.

பிறகு நாட்காட்டிக்காரருக்கு அவனே எழுதினான். அடுத்த வருடம் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. இம்முறை யாரையும் கேட்காமல் அனுமதி கொடுத்தான். மறு வருடம் பிப்ரவரித் தாளில் மெகாபோடு வந்தது. அவனே கொண்டுவந்து என் மேசைக்கு எதிரே மாட்டினான். என்னோடு பேசுகிறான், படங்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அந்தத் தாளைப் பார்க்கும்போது இன்றும் முதலில் பொறாமைதான் வருகிறது. வெட்கம் அதற்குப் பிறகுதான்.