மாயப் பெட்டிக்கு எட்டாவது கையெழுத்து

கிழமையில் ஐந்து நாள் நாகேந்திரம் கொழும்பு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். சனி, ஞாயிறு வந்தால் அவர் 'புரொபெசர் நாகா'. மேடையில் அவர் போடுகிற கறுப்புக் கோட்டு, அந்தச் சட்டத்தரணி கழித்துவிட்ட பழைய கோட்டு என்பது சபைக்குத் தெரியாது. அதற்கு உள்ளே சிவப்புச் சாட்டின் துணி பிடித்து, பதினொரு இரகசியப் பைகள் தைத்துக் கொடுத்தவள் மனைவி பத்மாவதி. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீடொன்றின் பின்பக்க அனெக்ஸில் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு புறாவும் ஒரு பெட்டியும் இருந்தன.

மந்திரவித்தைப் பைத்தியம் என்றால் இலேசுப்பட்ட பைத்தியமில்லை. வலக்கை சோறு பிசையும்போது இடக்கை விரல்களுக்குள் ஒரு ரூபாய்க் குற்றி ஓடிக்கொண்டிருக்கும். கோயிலில் கை கூப்பினாலும் அந்தக் கைக்குள் ஒரு சீட்டு இருக்குமோ என்று பத்மாவதிக்குச் சந்தேகம். ஒரே கைவீச்சை ஆறு மாதம் கண்ணாடிக்கு முன்னால் வீசிப் பார்ப்பார். "இன்னும் சரிவரேல்லை" என்பார். அவளுக்கு முதல் நாளே சரிவந்ததாகத்தான் தெரியும். ஆனாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மனிசனின் முகம் அப்போது அவ்வளவு வடிவாக இருக்கும்.

பெட்டிதான் அவருடைய உயிர். ஆளுயரப் பெட்டி. கொட்டாஞ்சேனைத் தச்சர் றேமண்ட் பலாப் பலகையில் செய்து கொடுத்தது. பத்மாவதி உள்ளே போவாள், கதவு சாத்துவார், சின்ன மணி ஒன்றைக் கிலுக்குவார், திறந்தால் ஆளில்லை! மறுபடி சாத்தி மணி அடித்தால் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். பத்தொன்பது வருடமாக இப்படி மறைந்து வருகிறாள். பெட்டி அன்றிருந்த அளவிலேயே இருந்தது, பத்மாவதி இருக்கவில்லை. "கொஞ்சம் சோத்தைக் குறையுமப்பா" என்று அவர் சொன்ன அன்று இரண்டு வேளை அடுப்பு எரியவில்லை. அதன்பிறகு அந்தக் கதையே எடுப்பதில்லை. அவள் எங்கே போகிறாள் என்று என்னிடம் கேட்கவேண்டாம். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

தெரிந்தவர்களும் சொல்லமுடியாது. அதற்கொரு கொப்பி வைத்திருந்தார். பெட்டியின் சூட்சுமம் யாருக்குத் தெரியவந்தாலும் அந்தத் தடித்த மட்டை சி.ஆர். கொப்பியில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். மேலே ஒரு சத்தியம். கிளாக்கர் எழுதியதல்லவா, காணி உறுதி எழுதுகிற தமிழிலேயே எழுதியிருந்தார்: 'மேற்படி இரகசியத்தை உயிர் போகினும் பெற்ற தாய்க்கும் வெளியிடேன் எனச் சத்தியஞ் செய்கிறேன்.' கலியாணம் முடிந்த நாலாம் நாள் முதல் கையெழுத்தை வைத்தவள் பத்மாவதி. இரண்டாவது றேமண்ட். பிறகு பெட்டியை ஏற்றி இறக்கும் லொறிக்காரர் இராமர், அப்படி இப்படியென்று மொத்தம் ஏழு பேர்.

நாட்டுச் சண்டை கொழும்புக்கும் வந்தபிறகு வித்தையிலும் கை வைக்கவேண்டி வந்தது. முன்பெல்லாம் பெட்டி திறக்கும்போது ஒரு வெடிச்சத்தம் போடுவார். தொண்ணூற்றாறில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ விட்ட பலூன் பட்டென்று வெடிக்க, வந்த சனம் அத்தனையும் கதிரைகளுக்குக் கீழே கிடந்தது. கேக்குக்கு முன்னால் பிறந்தநாள்காரி மட்டும் நின்றாள். அன்றோடு வெடியை விட்டுவிட்டு மணியோடு மட்டும் நிறுத்திக்கொண்டார். கத்தி செருகும் வித்தையும் போயிற்று, சோதனைச் சாவடியில் எட்டுக் கத்திக்கு என்ன நியாயம் சொல்வது? பெட்டியையும் விட்டுத் தொலையுங்கோ என்று பத்மாவதி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்சேரும்," என்றார் நாகேந்திரம். "இந்த ஊரில மூடின பெட்டியைக் கண்டால் எல்லாருக்கும் நடுக்கம். பஸ்ஸுக்குள்ள ஒரு பை கிடந்தால் இறங்கி ஓடுதுகள். நான் மூடின பெட்டியைக் காட்டித்தான் அதுகளைச் சிரிக்க வைக்கிறன். அதையும் விடச் சொல்லுறீரோ?"



தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை. அனெக்ஸுக்குள் வந்த சார்ஜன்ட் ஒருவன் பெட்டியைக் கண்டான். உள்ளே கையை நீட்டி அளந்தான், வெளியே வந்து அளந்தான். இரண்டும் ஒத்துவரவில்லை. "மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டான்.

நாகேந்திரத்துக்கு நல்ல கோர்ட்டுச் சிங்களம் வரும். "மந்திரவித்தைப் பெட்டி, சேர்."

"உள்ளுக்கு எங்கே இடம் இருக்கிறது? திறந்து காட்டு."

"அது தொழில் இரகசியம், சேர். காட்ட ஏலாது."

பத்மாவதி தலையிலடித்துக்கொண்டாள். யாரிடம் என்ன கதைக்கிறார் இந்த மனிசன்! சார்ஜன்ட் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை ட்ரக்கில் ஏற்றினார்கள், அதற்குப் பக்கத்தில் பெட்டிக்காரரையும் ஏற்றினார்கள். போகும்போதும் "கவனம், மூலை அடிபடும்" என்று பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

சட்டத்தரணியின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். ஐயா கல்கிசைக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். பின்னேரத்துக்குள் ஆளை வெளியே எடுக்காவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும், அங்கே போனவர்கள் மாதக்கணக்கில் திரும்புவதில்லை என்றும் மாடிவீட்டுக்காரர் சொன்னார். பத்மாவதி அலுமாரியைத் திறந்து பத்திரங்கள் வைக்கிற பைலை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாள். குடியிருப்போர் பொலிஸ் பதிவு, கலியாணப் பதிவு, வேலைக் கடிதம் எல்லாம் அதற்குள் இருந்தன.

பிழை அங்கேதான் நடந்தது. கையெழுத்து வைத்த கடதாசி எதுவானாலும் ஒரே பைலுக்குள் போடவேண்டும் என்பது புதுக்கடைக் கிளாக்கரின் பழக்கம். நாகேந்திரம் வீட்டிலும் அதே ஒழுங்கு. பொலிஸ் நிலையத்து மேசையில் அவள் பைலை விரிக்க, கலியாணப் பதிவுக்கு அடியிலிருந்து அந்த சி.ஆர். கொப்பி வெளியே வந்தது.

நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. கொப்பியைத் திறந்தார். ஏழு பெயர், ஏழு அடையாள அட்டை இலக்கம், ஏழு கையெழுத்து. மேலே தமிழில் ஏதோ. தமிழ் தெரிந்த கொன்ஸ்தாபிள் ஜாபிரைக் கூப்பிட்டார். ஜாபிர் வாசித்துவிட்டுப் பத்மாவதியைப் பார்த்தான்.

"என்னம்மா இது? உசிர் போனாலும் சொல்ல மாட்டன்னு சத்தியம் பண்ணி ஈக்கி. இயக்கத்து ஆள் லிஸ்ட் மாதிரி ஈக்கே?"

ஐயோ கடவுளே!  ஜாபிர் மொழிபெயர்த்து முடிக்கும்போது ஓ.ஐ.சி.யின் முகம் மாறிவிட்டது. புருஷனை எடுக்க வந்தவள், தன் கையாலேயே அவருக்கும் இன்னும் ஆறு பேருக்கும் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பட்டியலில் முதல் பெயரே அவளுடையது.

பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்பரெல்லாக் காய் மரத்தடியில் பெட்டி நின்றது, உடைத்துப் பார்க்கப் பயந்து சுற்றிவர மணல் மூட்டை. தள்ளி, விறாந்தை மரவாங்கில் நாகேந்திரம் இருந்தார். கீழ்ச்சொண்டு வீங்கியிருந்தது. அடித்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. அடித்தவன்மேல் கோபம், அதைவிட அடிவாங்கியும் வாய் திறக்காத இந்த மனிசன்மேல் கோபம். "உங்களுக்கென்ன விசரே?" என்றாள். "ஒரு பலகைப் பெட்டிக்காகவோ?"

"நீர் சத்தியம் பண்ணினனீர்," என்றார் அவர்.

பண்ணினதும் மண்ணாங்கட்டியும்! பத்மாவதி ஓ.ஐ.சி.யின் பக்கம் திரும்பினாள். கடைச் சிங்களந்தான், ஆனால் திக்காமல் வந்தது. "சேர், நான் காட்டுகிறேன். பயமென்றால் எல்லோரும் தள்ளி நில்லுங்கள். வெடித்தால் முதலில் நான்தானே போவேன்."

உள்ளே ஏறி, எல்லாவற்றையும் விரியத் திறந்து, இதுதான், இவ்வளவுதான் என்று காட்டிவிடும் எண்ணத்தோடுதான் அவள் மணல் மூட்டையைத் தாண்டினாள். அது சத்தியம். ஆனால் பெட்டிக்குள் கால் வைத்துத் திரும்பியபோது, விறாந்தையில் நாகேந்திரம் எழுந்து நிற்பதைக் கண்டாள். கசங்கிப்போன சட்டைக் கொலரை நிமிர்த்திவிட்டார். மேடையில் நிற்கிற மாதிரியே தோளை நேராக்கினார். கையில் மணி இல்லை. வீங்கிய சொண்டைக் குவித்து, வாயாலேயே "டிங்!" என்றார்.

பத்தொன்பது வருடப் பழக்கம். அவள் யோசிக்கமுன்னமே கை கதவைச் சாத்திக்கொண்டது, உடம்பு தன்பாட்டில் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. சேலைத் தலைப்பு ஒரு இடத்தில் மாட்டிற்று. மேடையில் அவள் சேலை கட்டுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுவையில் இழுத்தாள்.

ஜாபிர் எட்டி நின்று ஒரு தடியால் கதவைத் திறந்தான். பெட்டி வெறுமை.

"யா அல்லாஹ்!" என்றான்.

ஒருவன் பின்பக்கம் ஓடினான், ஒருவன் மரத்துக்கு மேலே பார்த்தான். ஓ.ஐ.சி. மட்டும் மணல் மூட்டைகளைக் கடந்து கிட்ட வந்தார். உள்ளே தலையை நீட்டினார், பலகையைத் தட்டினார். பத்மாவதி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்காமல் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கதவைத் தானே சாத்தி, விறாந்தைப் பக்கம் திரும்பி, கையால் சைகை காட்டினார். "டிங்!" என்றார் நாகேந்திரம். கதவு திறக்க, சேலை கசங்கி, கொண்டை குலைந்து, பத்மாவதி நின்றாள். ஓ.ஐ.சி. கை தட்டினார். தட்டியபிறகுதான் தான் யூனிபோமில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"எல்லோரும் அந்தப் பக்கம் போங்கள்," என்றார். பிறகு அவளிடம், "இப்போது காட்டு நோனா. நான் பார்க்கத்தான் வேண்டும். இது என் வேலை."

காட்டினாள். உள்ளே பார்த்தார். அவ்வளவு நேரமும் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே வடிந்துபோனது. "மெச்சரத?" என்றார். இவ்வளவுதானா என்று அவர் கேட்ட விதம் அவளைச் சுட்டது. அந்த முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தன் புருஷன் எதைக் கட்டிக் காத்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ, "சேர், பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கொப்பியில் கையெழுத்து வைக்கவேணும்," என்றாள். 

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள்," என்றார். "இதை ஒருநாள் அவளுக்குக் காட்டவேண்டும். கையெழுத்து வைக்காவிட்டால், அவள் கெஞ்சிக் கேட்டதும் சொல்லிவிடுவேன். கொண்டுவா அந்தப் புத்தகத்தை."

ஏழு தமிழ்க் கையெழுத்துகளுக்குக் கீழே எட்டாவதாகச் சிங்களத்தில் பெயரும் இலக்கமும் எழுதி, ஒப்பம் இட்டுக் கொடுத்தார். பின்னேரம் நாலு மணிக்கு ஆளை விட்டார்கள், பெட்டியை மறுநாள் இராமரின் லொறியில் எடுக்கச் சொன்னார்கள்.

வாகனங்கள் இரைகிற காலி வீதியில் இருவரும் நடந்து வந்தார்கள். 

"காட்டிப்போட்டீரோ?"

"காட்டினனான். கையெழுத்தும் வாங்கினனான்."

"ஆளின்ர முகம் எப்பிடி இருந்தது?"

"முதல் நல்லா இருந்தது. காட்டினாப் பிறகு விழுந்துபோச்சு."

"அதுக்குத்தான் நான் சொல்லுறேல்லை," என்றார் நாகேந்திரம்.

"உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, நடுத்தெருவில் நின்று அவள் விம்மி விம்மி அழுதாள். வெறும் தொப்பிக்குள்ளிருந்து முப்பது பட்டுத் துணி எடுக்கிற மனிசனின் சட்டைப் பையில் அன்று முகம் துடைக்க ஒரு லேஞ்சி இல்லை. கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கொப்பியை எரிக்கச் சொல்லிச் சொல்லாத ஆளில்லை. அவர் எரிக்கவில்லை. சத்தியத்தில் 'உயிர் போகினும்' என்ற இரண்டு சொல்லை மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி வெட்டிவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

ஐந்தாறு கிழமை கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஷோ. திரைக்குப் பின்னாலிருந்து பத்மாவதி எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் பூப்போட்ட சேர்ட்டோடு ஓ.ஐ.சி. இருந்தார். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. நாகேந்திரமும் கண்டுவிட்டார். "எட்டாம் நம்பர் வந்திருக்கு," என்றார் மெதுவாக. கோட்டுக் கொலரை நிமிர்த்திக்கொண்டார்.

பெட்டிக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது, மணி கிலுங்கியது. போகவேண்டிய இடத்துக்குப் போய் இருட்டில் ஒடுங்கிக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சபை முழுக்க மூச்சை இழுத்துப் பிடிக்கிற அந்தச் சத்தம்.  முன்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் தெளிவாகக் கேட்டது.

"தாத்தே, எயா கொஹெத கியே?"

அப்பா, அவ எங்கே போய்விட்டா?

பத்மாவதி காதைப் பலகையோடு ஒட்டிவைத்தாள்.  பிள்ளை மறுபடியும் கேட்டது, இந்தமுறை கெஞ்சுகிற குரலில்.

"மம தன்னே நே, துவே," என்றார் அவர். எனக்குத் தெரியாது, மகள்.

இருட்டுக்குள் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேலைத் தலைப்பைத் தேடினாள், மேடை உடுப்பில் தலைப்பு ஏது? புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மணிக்காகக் காத்திருந்தாள்.